கப்பல் வீட்டுச் சக்களத்தி

நான் வாடகைக்கு இருந்த வீட்டில் எனக்கு முன்பே ஒரு கப்பல் குடியிருந்தது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. கடலுக்கு இத்தனை தூரத்தில், ஊருக்குள் ஒரு ஆறுகூட ஓடாத திருவண்ணாமலையில் கப்பலுக்கு என்ன வேலை என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதைக் கேட்க வேண்டியது என்னையல்ல, அந்த வீட்டுக்காரம்மாவை. அவரிடம் கேட்டுவிட்டு முழுசாகத் திரும்பியவர்கள் குறைவு.

மாவட்டம் புதிதாகப் பிரிந்த சமயம் அது. வேலூரில் டைப்பிஸ்டாக இருந்த என்னை இங்கே மாற்றினார்கள். வேங்கிக்கால் பக்கம் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. வீடு தேடி நடந்த ஒரு மத்தியான வெயிலில்தான் அதைப் பார்த்தேன். தெருவில் எல்லா வீட்டுக்கும் சதுர ஜன்னல், இந்த வீட்டுக்கு மட்டும் வட்டம். ஒவ்வொரு வட்டத்தைச் சுற்றியும் கனமான பித்தளை வளையம், திருகி மூடும்படி பெரிய மறைகள். வாசல் கதவில் பூவேலை செய்த தடித்த கண்ணாடி. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றபோது, நூல் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு அம்மா வெளியே வந்தார். கையில் புளிச்சக்கை.

“வூடு பாக்க வந்தியா, ஜன்னல் பாக்க வந்தியா?”

“வீடுதாங்கம்மா. கலெக்டர் ஆபீசுல டைப்பிஸ்ட்டா இருக்கேன்.”

“டைப் அடிக்கிற மெஷினுக்கு நீ எண்ணெய் போடுவியா?”

“அதுக்கு ஆள் வருவாங்கம்மா.”

“அடிக்கிறது நீ, எண்ணெய் போட ஆளா?” ஏற இறங்கப் பார்த்தார். “சரி, மாடி போர்ஷன் காலியாதான் கெடக்குது. சொவுத்துல ஆணி அடிக்கக் கூடாது. எந்தச் சாமானையும் சும்மா அழகுக்குன்னு வைக்கக் கூடாது. வச்சா பொழங்கணும். பொழங்கலன்னா தூக்கிப் போட்டுடணும்.”

இதுதான் எங்கள் வாடகை ஒப்பந்தம். இதற்கு மேல் ஒரு வரியும் எழுதிக்கொள்ளவில்லை. பல வருடங்கள் அந்த மாடியில் இருந்தேன்.

அந்த அம்மாவின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. தெருவில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதுமில்லை. தபால்காரரிலிருந்து கீரைக்காரி வரை எல்லோருக்கும் அவர் கப்பல் வீட்டம்மா. மகளை வேலூரில் கட்டிக்கொடுத்துவிட்டு, கணவர் இறந்த பிறகு தனியாக இருந்தார். தனியாக என்று நான் சொல்கிறேன். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

குடிபோன அன்று சாதம் வடித்துக்கொண்டிருந்தேன். சமையலறைச் சுவரில் புனல்போல வாய் விரிந்த பித்தளைக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது, அதற்கு ஒரு மூடி. திடீரென்று அந்த மூடி விசிலடித்தது. பதறிப்போய் குக்கரைத் தேடினேன். என்னிடம் குக்கரே கிடையாது. மறுபடியும் விசில். கீழேயிருந்து அம்மா கத்தினார்: “ஏ பொண்ணு, மூடிய எடுத்துட்டு காத வையி!”

எடுத்தேன். அதே குரல் குழாய்க்குள்ளிருந்து, என் காதுக்குள்ளேயே பேசியது. “மோட்டார் ஓடிகினே இருக்குது. தொட்டி வழியுது பாரு.”

கப்பலில் மேல்தளத்தில் நிற்கும் கேப்டன், கீழே இன்ஜின் அறையில் இருப்பவருக்கு உத்தரவு சொல்லும் குழாய் அது. ஒரு முனையில் ஊதினால் மறுமுனையில் விசில் கேட்கும். மூடியைக் கழற்றிவிட்டுப் பேசலாம், கேட்கலாம். எங்கள் வீட்டில் மட்டும் அது தலைகீழ். கேப்டன் கீழே இருந்தார், நான் மேலே இருந்தேன்.

மாடிப்படிக்குக் கைப்பிடியாக இருந்தது கப்பலின் தேக்குக் கைப்பிடி. குளியலறைக்கு இரண்டு வட்ட ஜன்னல், சமையல்கட்டுக்கு இரண்டு, கூடத்துக்கு நான்கு. கூடத்தின் நடுவில், பத்துப் பேர் தாராளமாக உட்காரும் ஒரு மேஜை. கப்பல் ஆடும்போது தட்டு நழுவிவிடாமல் இருக்க, அதன் நான்கு ஓரத்திலும் விரல் உயரத்துக்குக் கட்டை வைத்திருந்தது. அம்மா அதில் உளுந்தைக் கொட்டிக் கல் பொறுக்குவார். ஒரு பருப்பு கீழே உருளாது.

“வெள்ளக்காரன் கெட்டிக்காரன்தான். உளுந்துக்குன்னே செஞ்சிருக்கான் பாரு,” என்பார்.

பௌர்ணமிக்கு வேலூர் பஸ்களை எங்கள் பக்கத்திலேயே நிறுத்திவிடுவார்கள். கிரிவலம் போகிற கூட்டம் எங்கள் தெரு வழியாக நடக்கும். வட்ட ஜன்னலையும் பித்தளைக் கதவையும் பார்த்து ஏதோ மடம் என்று நினைத்து, செருப்பை விட்டுவிட்டு உள்ளே வருபவர்கள் உண்டு. ஒருமுறை ஒரு குடும்பமே வந்து, கூடத்துச் சுவரில் பதித்திருந்த பித்தளைப் பலகையின் முன்னால் சூடம் ஏற்றிவிட்டது. நான் தடுக்கப் போனேன். அம்மா சமையல்கட்டிலிருந்து நிதானமாக வந்தார்.

“கும்புட்டாச்சா? தண்ணி குடிச்சிட்டுப் போங்க. ஆனா ஒண்ணு. இங்க இருக்கிறது சாமி இல்ல. என் சக்களத்தி.”

அந்தக் குடும்பம் தண்ணீர் குடிக்காமலே போய்விட்டது. எனக்கும் அன்றுதான் விஷயம் தெரிந்தது.

சக்களத்தியின் சரித்திரத்தை வெள்ளிக்கிழமைகளில் சொல்வார். அன்றுதான் பித்தளைக்குப் புளி போட்டுத் தேய்க்கும் நாள். தேய்க்கிற வேகம் ஏற ஏற கதையும் சூடு பிடிக்கும்.

“இவ பொறந்த ஊர்ல வருசம் பூரா குளுரு. பஞ்சாலை மொதலாளி ஒருத்தன் செஞ்சான். மூட்ட ஏத்தறதுக்கா? இல்ல. மீன் புடிக்கிறதுக்கா? இல்ல. பொண்டாட்டி புள்ளயோட சும்மா போயிட்டு வர்றதுக்கு! அதுக்கு யாட்டுன்னு பேராம். உள்ள பியானோ, குளிக்கிற ரூமுல சுடுதண்ணி, வெள்ளித் தட்டு. எல்லாம் நீராவி. கரி போட்டு, தண்ணி கொதிச்சி, அந்த ஆவில ஓடுவா. பொக இருக்கும், சத்தம் இருக்காதாம். மவராசி நடக்கிற மாதிரி போவாளாம்.”

“அப்புறம்?”

“அப்புறம் சண்ட வந்துச்சி. கவருமென்டு இவள இஸ்துகினு போயி, சாம்ப கலரு அடிச்சி, முதுவு மேல பீரங்கி வச்சான். சண்ட முடிஞ்சதும் ஒரு சமஸ்தானத்து ராஜா வாங்கினாரு. திரும்ப வெள்ள பெயின்ட்டு, திரும்ப பியானோ. சமஸ்தானம் போச்சி. மெட்ராசுல ஒரு கம்பெனி மொதலாளி வாங்கினாரு. அவருகிட்டதான் எங்க வூட்டுக்காரரு இன்ஜின் பாத்தாரு.” புளியைப் பிழிந்து உதறினார். “எத்தன கை மாறினவ பாரு. எங்கூர்ல ஒருத்தி இப்படி இருந்தா பேசுவாங்களா, மாட்டாங்களா?”

அந்தக் கோபம் வேடிக்கைக்கு இல்லை. முதலில் நான் வேடிக்கை என்றுதான் நினைத்தேன். தேய்ப்பதைக் கவனித்துப் பார்த்தால் தெரியும். அப்படித் தேய்ப்பதற்கு அன்பு மட்டும் போதாது.

அவர் கணவர் கீழ்பென்னாத்தூரில் அரிசி ஆலையில் பாய்லர் பார்த்தவர். நெல் அவிக்கிற நீராவியோடு பழகிய கை. அதை நம்பித்தான் மெட்ராஸ் போனார், அந்த உல்லாசக் கப்பலில் இன்ஜின் ஆளாகச் சேர்ந்தார். பொங்கலுக்கும் தீபத்துக்கும்தான் ஊருக்கு வருவார். கல்யாணமான புதிதில் அப்படி வந்திருந்தபோது, டீக்கடையில் பழைய ஆலைச் சிநேகிதனோடு பேசிக்கொண்டிருந்தார். பக்கத்து பெஞ்சில் அம்மாவின் அண்ணன் உட்கார்ந்திருந்தார். அண்ணன் காதில் விழுந்தது இதுதான்:

“காலைல அவளுக்குச் சூடு ஏறவே நேரமாவும். அவசரப்பட்டா மொறச்சிக்குவா. இப்பல்லாம் நெஞ்சுல ஒரு சத்தம் வருது. எண்ணெய் தேச்சி, தட்டிக் குடுத்தாதான் அடங்கறா. எம்மேல மட்டுந்தான் அவளுக்கு நம்பிக்க.”

இங்கிலீஷ்காரர்கள் கப்பலை ‘அவள்’ என்பார்களாம். கப்பலில் வேலை பார்த்த இவரும் அப்படியே பழகிவிட்டார். கீழ்பென்னாத்தூர் டீக்கடைக்கு அது தெரியுமா? அண்ணன் மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடினார். அம்மாவின் அம்மா மாரில் அடித்துக்கொண்டார். மாப்பிள்ளை மெட்ராசில் ஒருத்தியை வைத்திருக்கிறார், அவளும் நோயாளி, இவர் எண்ணெய் தேய்த்துவிடுகிறார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் வேலைக்குத் திரும்பிய பிறகு, கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும் என்று அம்மா, அவருடைய அம்மா, இரண்டு அண்ணன்கள், ஊர்ப் பெரியவர் ஒருவர், இத்தனை பேரும் பஸ் ஏறித் துறைமுக வாசலுக்கே போய்விட்டார்கள். ஆள் சொல்லி அனுப்பியதும், கரியும் எண்ணெயும் பூசிய கையோடு அவர் ஓடிவந்தார்.

“எங்கடா அவ?” என்று அண்ணன் சட்டையைப் பிடித்தார்.

“எவ மச்சான்?”

“எண்ணெய் தேச்சி விடறியே, அவ!”

அவருக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் சிரிக்கவில்லை. வேலி ஓரமாக அழைத்துப் போய்க் கையைக் காட்டினார். “அதோ நிக்கறா.”

தண்ணீரில் வெள்ளையாக, மஞ்சள் புகைபோக்கியோடு, மெலிந்து நீண்டு நின்றிருந்தது. அண்ணன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஊர்ப் பெரியவர் வெற்றிலை போட்டுக்கொள்ளத் தொடங்கினார். அம்மா மட்டும் கண் எடுக்காமல் பார்த்தாராம்.

“எல்லாரும் அப்பாடான்னாங்க. எனக்கு வயிறு எரிஞ்சிச்சி,” என்றார் என்னிடம். “பொம்பளையா இருந்தா ஒரு கை பாத்திருப்பேன். இவ்ளோ அழகா ஒண்ணு நின்னா நான் என்னாத்த பண்றது? ஏறிப் பாக்கறேன்னு சொன்னேன். முடியாதுன்னுட்டாரு. வேலக்காரங்க வூட்டு ஆளுங்கள மொதலாளி உள்ள வுடமாட்டாராம். படில கூட கால் வைக்கல நானு. திரும்பி வர்ற பஸ்ஸுல எல்லாரும் சிரிச்சிகினே வந்தாங்க. நான் மட்டும் அழுதுகினே வந்தேன்.”

அதன் பிறகு சுமார் இருபது வருடம் அவர் அந்தக் கப்பலோடு குடித்தனம் நடத்தினார், அம்மா கீழ்பென்னாத்தூரில். கடைசியில் முதலாளி காலமானார். வாரிசுகளுக்குக் கப்பல் பெரிய செலவாகத் தெரிந்தது. உடைக்கிறவர்களுக்கு விற்றுவிட்டார்கள். கதவு, ஜன்னல், மேஜை எல்லாம் பழைய சாமான் கடைகளுக்குப் போயின. இன்ஜினை வெளியே எடுக்கத் தளத்தையே வெட்டவேண்டும் என்பதால் அதை உள்ளேயே விட்டு, வெறும் கூட்டை எவரோ வடக்கே ஒரு சின்னத் துறைமுகத்துக்குச் சாமான் ஏற்ற இழுத்துப் போனார்கள். இவர் கையிலிருந்ததையெல்லாம் போட்டுக் கடை கடையாக அலைந்து, கிடைத்ததை வாங்கி, ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு, அம்மா அதற்குள் குடிமாறியிருந்த இந்த வேங்கிக்கால் வீட்டுக்கு வந்து இறங்கினார். வேலை முடிந்து புருஷன் தனக்கே தனக்கென்று வரப்போகிறார் என்று அம்மா வாசலில் நின்றிருந்தார்.

“அவளயும் இட்டுகினு வந்துட்டீங்களான்னு கேட்டேன். ஆரத்தி எடுக்கட்டுமான்னு கேட்டேன்.”

அவர் எல்லாவற்றையும் சாக்கில் சுற்றிப் பின்கட்டில் வைத்துப் பூட்டினார். சாயங்காலம் திறந்து பார்ப்பார், துடைப்பார், பூட்டுவார். அம்மா சில மாதம் பொறுத்தார். மாடி கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. கண் பார்க்க அவர் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது, அம்மா கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூட்டை உடைத்தார். ஜன்னலெல்லாம் சுவருக்கு வந்தன, கதவு வாசலுக்கு வந்தது, மேஜை கூடத்துக்கு வந்தது.

“ராணியா இருந்தவ இல்ல? என் வூட்டுல வேல செய்யட்டும். சும்மா ஒக்கார வச்சி என்னால சோறு போட முடியாது.”

திரும்பி வந்த மனிதர் எதிர் வீட்டு வேப்பமர நிழலில் உட்கார்ந்து வெகுநேரம் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாராம். சண்டை போடவில்லை. வட்ட ஜன்னலைத் திறந்தார், மூடினார், ஒரு மறைக்கு எண்ணெய் விட்டார். ஆனால் மேஜையில் மட்டும் உட்கார மாட்டேன் என்றார். அம்மா மேஜையில் தட்டு வைத்தால், எடுத்துக்கொண்டு போய்த் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்: “அதுல நான் ஒக்காரக் கூடாது.” அம்மா அதட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். ஒருமுறை கையைப் பிடித்து நாற்காலியில் அழுத்தி உட்கார வைத்தார். சோற்றைப் பிசைந்தவர், ஒரு வாய்கூட வைக்காமல் எழுந்துவிட்டார். சாகும்வரை தரையில்தான் சாப்பிட்டார்.

“பாத்தியா, அவமேல எவ்ளோ மரியாத! எனக்கு அந்த மரியாத குடுத்தாரா?” என்று கேட்கும்போது அம்மாவின் குரல் உடையும். அந்த ஒரு இடத்தில் மட்டும்தான் உடையும். உடனே பலகையைத் தேய்க்கப் போய்விடுவார்.

இப்படி இருக்கையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தாள். ஆசிரமத்தில் தங்கியிருந்தவள், வெளிநாட்டுக்காரர்கள் போலீஸ் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பதற்காக வேங்கிக்கால் வந்தவள். வீட்டைப் பார்த்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனாள். அந்தப் படம் எந்தெந்த ஊர் சுற்றியதோ, அடுத்த குளிர்காலத்தில் ஒரு பெரியவர் வந்து சேர்ந்தார். உயரமான வெள்ளைக்காரக் கிழவர், கையில் சுருட்டிய வரைபடம். வாசலில் நின்று ஜன்னலைப் பார்த்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு இங்கிலீஷ் டைப் அடிக்கத்தான் தெரியும் என்றாலும், அன்று நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

அவர் ஊரில் பழைய நீராவிக் கப்பல்களைக் காப்பாற்றும் சங்கம் ஒன்று இருந்தது. எல்லோரும் ஓய்வுபெற்றவர்கள். அவர்களுடைய துறைமுகத்தில் பிறந்த கப்பல்களில் இது ஒன்றுதான் மிச்சம். ஆந்திரக் கரையில் அதன் கூட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்ஜின் இன்னும் உள்ளே இருந்தது. பெரிய கப்பலில் ஏற்றி ஊருக்குக் கொண்டுபோய், பாய்லர் புதிதாகச் செய்து மறுபடி ஓட்டப் போகிறார்கள். கதவையும் ஜன்னலையும் மேஜையையும் புதிதாகச் செய்து வைக்கலாம். ஆனால் அப்போது அது இந்தக் கப்பல் ஆகாது, இதைப்போல ஒன்றுதான் ஆகும் என்றார். அசல் சாமான்கள் உலகத்தில் இந்த ஒரு வீட்டில்தான் இருக்கின்றன, கொடுப்பீர்களா என்று கேட்டார்.

அம்மா எழுந்து போய்க் காபி கொண்டுவந்தார். கிழவர் டம்ளரை மேஜையில் வைக்கப் பயந்து கையிலேயே பிடித்திருந்தார். “வையி, வையி. மேஜ கடிக்காது,” என்றார் அம்மா.

பிறகு கிழவர் சுவரிலிருந்த பித்தளைப் பலகையிடம் போனார். கப்பலின் பெயரும் கட்டியவர் பெயரும் பொறித்த பலகை அது. கண்ணாடியை மாட்டினார், கழற்றினார், விரலால் தடவினார். வழவழவென்று இருந்தது. வருடக்கணக்கான வெள்ளிக்கிழமைகளின் புளியில் எழுத்தெல்லாம் கரைந்துபோயிருந்தது. அவர் முகம் வெளுத்தது. இப்படிப்பட்ட பலகையை அவர்கள் ஊரில் துணியால்கூட அழுத்தித் துடைக்க மாட்டார்களாம். நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

“எழுத்து போனா என்ன? ஆளு இருக்கறா இல்ல?” என்றார் அம்மா. “தேய்க்காம வச்சிருந்தா பச்ச பூத்திருக்கும்னு சொல்லு.”

கிழவர் சிரித்துவிட்டார். ஆனால் கேள்வியை விடவில்லை. சங்கம் நல்ல விலை கொடுக்கும் என்று அவர் சொன்னதுதான் தாமதம், அம்மா எழுந்துவிட்டார்.

“விக்கிற சாமான் இல்ல இது. இருவது வருசம் என் புருசன அவ வச்சிருந்தா. இப்ப அவள நான் வச்சிருக்கேன். அதுக்குள்ள திருப்பிக் குடுன்னா எப்படி? முடியாதுன்னு சொல்லு.”

சொன்னேன். கிழவர் வரைபடத்தைச் சுருட்டத் தொடங்கினார். அதைக் கட்டும்போது அவர் கை சோர்ந்திருந்ததைப் பார்த்தாரோ என்னவோ, அம்மா திடீரென்று கேட்டார்: “நெசமாவே ஓட்டுவாங்களா? இல்ல, சுத்தி கயிறு கட்டி, தொடாதேன்னு போர்டு மாட்டி வைப்பாங்களா?”

ஓட்டுவோம், அதற்காகத்தான் சங்கமே என்றார் கிழவர்.

“அப்படின்னா நான் அவள பாக்கணும். ஏறிப் பாக்கணும். பாத்துட்டுச் சொல்றேன்.”

ஆந்திராவுக்கு ரயிலில் போனோம். அம்மா பெட்டியில் அடைத்து வைத்திருந்த அரக்குப் பட்டை எடுத்துக் கட்டிக்கொண்டார், காதிலும் கழுத்திலும் உள்ளதையெல்லாம் போட்டுக்கொண்டார். அங்கே சேறு இருக்கும், பட்டு வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

“சக்களத்திய பாக்கப் போறப்ப கந்தலாவா போவாங்க?”

அந்தத் துறைமுகத்தின் கடைசியில், உப்பங்கழிச் சேற்றில், ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. வெள்ளையும் இல்லை, மஞ்சளும் இல்லை. துரு. புகைபோக்கி இருந்த இடத்தில் ஓட்டை, அதில் காக்காய். தளத்துப் பலகைகளை எவரோ அடுப்புக்குப் பெயர்த்துப் போயிருந்தார்கள். எங்களுக்காகக் காத்திருந்த கிழவர் ஒரு பலகையைப் போட்டு, கையை நீட்டினார். அம்மா அந்தக் கையைப் பிடிக்கவில்லை. பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தானே ஏறினார். ஏறியதும் ஒரு நிமிடம் அப்படியே நின்றார். வேலியோரம் கண் எடுக்காமல் பார்த்து நின்ற அந்தப் புதுப்பெண்ணை நினைத்துக்கொண்டிருப்பார் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

உள்ளே ஒரு நீண்ட அறை. சுவரில் வரிசையாக வட்ட ஓட்டைகள், சிலவற்றைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். அம்மா ஒவ்வொன்றிலும் கையை விட்டுப் பார்த்தார். “இது நம்ம கூடத்து ஜன்னலு. இதுவும். அதோ அந்தச் சின்னது ரெண்டும் குளிக்கிற ரூமுது.” தரையில் மேஜைக்கால்கள் பதிந்திருந்த குழிகளைக் காலால் தடவினார். அவர் முகத்தில் வெற்றி எதுவும் இல்லை. எப்படியோ இருந்தது.

“அவரு வேல பாத்த எடத்த காட்டச் சொல்லு,” என்றார்.

கிழவர் டார்ச்சை அடித்துக்கொண்டு முன்னால் இறங்கினார். செங்குத்தான இரும்பு ஏணி. கீழே இருட்டு, எண்ணெய் வாடை, வெளியே காற்று அடித்தும் உள்ளே வெக்கை. பாய்லரைச் சுற்றிக்கொண்டு ஒரு ஆள் பக்கவாட்டில்தான் போகமுடியும். இன்ஜின் துருவேறி, ஆனால் முழுசாக நின்றிருந்தது. அதன் எதிரே முழங்கால் இடிக்கும் இடைவெளியில் ஒரு இரும்புப் பெஞ்சு. அம்மா அதில் உட்கார்ந்தார். பட்டெல்லாம் கறுப்பானது. அவர் கவனிக்கவில்லை.

“இங்கயா?” என்றார். “கரி எரியிறப்ப இங்க எப்படி இருக்கும்னு கேளு.”

கிழவரும் வாழ்நாளெல்லாம் கப்பல் இன்ஜினில் வேலை பார்த்தவர். அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்றார்.

“அப்பப்ப மேல போயி, அந்த ரூமுல காத்தாட ஒக்காருவாரா?”

நான் கேட்டேன். கிழவர் தலையை ஆட்டினார். இல்லை. இன்ஜின் ஆட்கள் அந்தத் தளத்தில் கால் வைக்கக் கூடாது. கப்பலைக் கட்டிய முதலாளி போட்ட சட்டம் என்று சங்கத்திலுள்ள பழைய கப்பல் ஏடுகளில் இருக்கிறதாம். ராஜா மாற்றவில்லை, கம்பெனி முதலாளியும் மாற்றவில்லை. தனியாக ஒரு ஏணி, தனியாக ஒரு வழி. அந்த அறையின் கதவையும் மேஜையையும் அம்மாவின் கணவர் கிட்டத்தில் பார்த்தே இருக்கமாட்டார் என்றார்.

சொல்லி முடித்தேன். அம்மா மடியில் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு இன்ஜினையே பார்த்தார்.

“நான் என்னமோ ராணிகூட ராஜா மாதிரி இருந்தாருன்னு நெனச்சிகினு இருந்தேன்,” என்றார் கடைசியில். “உன்ன ஏறக் கூடாதுன்னுட்டாங்கன்னு சொன்ன மனுசன், எனக்கும் அதே கததான்னு ஒரு வார்த்த சொல்லல பாரு. கெடச்ச துட்டெல்லாம் போட்டு, அவரால தொட முடியாதத எல்லாம் வாங்கிகினு வந்து என் வூட்டுல எறக்கினாரு. மரியாத இல்ல பொண்ணு அது. பயம். அத்தன வருசம் கழிச்சும், சொந்த வூட்டுலயும், யாராவது வந்து ஏந்திருன்னு சொல்லுவாங்கன்னு பயம்.”

இதை நான் கிழவருக்கு மொழிபெயர்க்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

அம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தார். குரல் பழைய குரலாகிவிட்டது.

“லாரி அனுப்பச் சொல்லு. கதவு, ஜன்னலு, குழாயி, பலக, எல்லாத்தயும் எடுத்துக்கட்டும். துட்டு வாணாம். ஆனா மேஜைக்கு ஒரு கண்டிஷன். கப்பலு ஓடற அன்னிக்கு இன்ஜின்ல வேல பாக்கறவங்கதான் அந்த மேஜைல மொத பந்தி. அன்னிக்கு மட்டுமில்ல, என்னிக்கும். மொதலாளி, மினிஸ்டரு, பாக்க வர்ற சனம் எல்லாம் ரெண்டாவது பந்திதான். எழுத்து போன பலகைல புதுசா எத எழுதினாலும் சரி, இதயும் சேத்து எழுதச் சொல்லு.”

முதல் பந்திக்கு இங்கிலீஷில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஊர்க் கல்யாணங்களில் முதல் பந்தி யாருக்கு என்பதில் வெட்டுக்குத்தே நடந்திருக்கிறது என்றெல்லாம் சுற்றி வளைத்துச் சொன்னேன். கிழவருக்கு எங்கேயோ புரிந்துவிட்டது. டார்ச்சைத் தன் பக்கம் திருப்பி, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். அத்தனை வருட எண்ணெய் ரேகைகளில் ஊறிக் கறுத்திருந்தது. அவரும் ஒரு நாளும் மேல்தள மேஜையில் சாப்பிட்டதில்லையாம். சங்கத்தில் சொல்லி எழுத்தில் தருகிறேன், முதல் பந்தியில் நானும் இருப்பேன் என்றார்.

அம்மா அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “கழுவிட்டு ஒக்காரச் சொல்லு,” என்றார்.

பிறகு ஏணியில் கால் வைத்தவர் நின்றார். திரும்பி வந்து, துருப்பிடித்த இன்ஜினின் மேல் உள்ளங்கையை வைத்துத் தட்டிக்கொடுத்தார்.

“வரேண்டி,” என்றார். “உன் சாமானெல்லாம் பின்னாலயே வருது.”